பழைய யுனிவர்சல் ரிமோட்டுக்குப் புது ஹோம் தியேட்டர் மசியவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பத்துப் பதினைந்து வருடப் பழைய யுனிவர்சல் ரிமோட்டைக் கொண்டு புது டிவி, ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களையும் மற்றக் கருவிகளையும் இணைக்கும் பெட்டி), சவுண்ட்பார் எல்லாவற்றையும் இயக்குவது பெரும்பாலும் முடிகிற காரியம்தான். ஒவ்வொரு கருவிக்கும் ரிமோட்டில் போட வேண்டிய எண்ணை, அதாவது கோடைச் சொல்லும் கோட் புத்தகத்தில் உங்கள் மாடல் இல்லை என்பதற்காக ரிமோட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கம்பெனிகள் மாடல் பெயரைத்தான் வருடாவருடம் மாற்றுகின்றன. ரிமோட் சிக்னலை அப்படி மாற்றுவதில்லை. சாம்சங் டிவிக்கென்று எப்போதோ அச்சடித்த கோட் இன்றைய சாம்சங் டிவியிலும் பவர், வால்யூம், அம்புக்குறிப் பட்டன்களுக்கு வேலை செய்வது சகஜம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது புத்தகத்தை அல்ல, எதிரே இருக்கும் கருவியை. அதற்கு அகச்சிவப்பு சிக்னலைப் பிடிக்கும் ஐஆர் சென்சார் இருக்கிறதா, இல்லையா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கீழே 9-9-1, 9-9-3 என்று வரும் எண்கள் ‘ஒன் ஃபார் ஆல்’ ரிமோட்டுகளுக்கும், அதே தாய் நிறுவனமான யுனிவர்சல் எலக்ட்ரானிக்ஸ் கேபிள் கம்பெனிகளுக்குச் செய்துகொடுத்த பல ரிமோட்டுகளுக்கும் உரியவை. அந்த முக்கியப் பட்டனின் பெயர் சிலவற்றில் செட், சிலவற்றில் செட்டப், மேஜிக், பி என்று இருக்கும். நான் ‘செட்’ என்றே எழுதுகிறேன். உங்களுடையது வேறு வகை என்றால் எண்கள் மாறும், காரணங்கள் மாறாது.

எந்தப் பட்டனை அழுத்தினாலும், எந்தக் கருவியும் அசையவில்லை

ஃபோன் கேமராவைத் திறந்து ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். முனையில் இருக்கும் ஐஆர் எல்இடி திரையில் ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கும். பல ஃபோன்களில் பின்பக்கக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும், அதனால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை வைத்து முதலில் கேமராவைச் சோதித்துக்கொள்வது நல்லது. ரிமோட்டின் மேலே எரியும் சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். அது பட்டன் அழுந்தியதை மட்டுமே சொல்லும், சிக்னல் வெளியே போனதைச் சொல்லாது.

மினுக்கவே இல்லை என்றால் பேட்டரி. சார்ஜ் செய்யும் செல்கள் 1.2 வோல்ட்தான் தரும், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட். நான்கு செல் போடும் பழைய ரிமோட்டில் இந்தக் குறைவு கூடிக்கொண்டே போய், ப்ரோகிராம் செய்யும் நேரத்தில் காலை வாரும். புது அல்கலைன் போட்டே இந்த வேலையைத் தொடங்குங்கள். பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, ஈரம் போகத் துடைத்துக் காயவையுங்கள்.

சில பட்டன்களுக்கு மட்டும் மினுக்கவில்லை என்றால் ரப்பருக்கு அடியில் உள்ள கருப்புப் பூச்சு அழுக்காகியிருக்கிறது அல்லது தேய்ந்துவிட்டது. ரிமோட்டைத் திறந்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் அழுக்கு போகும். தேய்ந்த பூச்சு திரும்ப வராது.

எல்லாக் கோடும் போட்டாயிற்று, அந்த ஒரு பெட்டி மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறது

இதுதான் புதுக் கருவிகளோடு வரும் பெரிய தலைவலி. அதற்கு ஐஆர் சென்சாரே இல்லாமல் இருக்கலாம். ஃபயர் டிவி ஸ்டிக், ரோக்கு ஸ்டிக், பிளேஸ்டேஷன் 5 ஆகியவை இந்த ரகம். புளூடூத்திலோ வைஃபையிலோ மட்டும் பேசுபவை. பழைய ரிமோட்டில் ஆயிரம் கோட் போட்டாலும் பயன் இல்லை. மாறாக ஆப்பிள் டிவி 4கே பெட்டியிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் சென்சார் உண்டு. ஆப்பிள் டிவியில் இன்னொரு வசதி, அதன் செட்டிங்ஸிலேயே வேறொரு ரிமோட்டைப் பழக்கிக்கொள்ளும் மெனு இருக்கிறது. பழைய ரிமோட்டில் பயன்படாத ஏதாவது ஒரு கோட் போட்டு, அந்தப் பட்டன்களைப் பெட்டிக்கே கற்றுக்கொடுத்துவிடலாம். வழக்கமான வேலையைத் தலைகீழாகச் செய்வது, அவ்வளவுதான்.

ஒரிஜினல் ரிமோட்டைக் கேமரா முன் பிடித்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால் விஷயம் ஓரளவு தெரியும். ஆனால் இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஃபயர் டிவி ரிமோட்டில் வால்யூம் அழுத்தினால் மினுக்கும். அது டிவிக்கோ சவுண்ட்பாருக்கோ போகும் சிக்னல், ஸ்டிக்குக்குப் போவதல்ல. இரண்டாவது இதற்கு நேர் எதிர். சாம்சங், எல்ஜி டிவிகளோடு வரும் ரிமோட் பெரும்பாலான பட்டன்களை ரேடியோ சிக்னலில் அனுப்பினாலும், டிவியில் ஐஆர் சென்சார் இருக்கவே செய்கிறது. புளூடூத் ரிமோட் வந்ததால் டிவி ஐஆரைக் கேட்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சென்சார் இல்லாத பெட்டிக்கும் ஒரு பின்வாசல் இருக்கிறது: எச்டிஎம்ஐ கேபிளுக்குள் ஓடும் சிஇசி இணைப்பு. டிவிக்கு வரும் அம்புக்குறி, ஓகே, பேக் கட்டளைகளை டிவியே கேபிள் வழியாகப் பெட்டிக்குக் கடத்திவிடும். ஆக, பழைய ரிமோட்டை டிவிக்குப் பழக்கினால் போதும், ஸ்டிக்கும் கூடவே நகரும். இந்த வசதியை ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரில் ஒளித்துவைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். டிவியிலும் பெட்டியிலும் இரண்டு பக்கமும் ஆன் செய்ய வேண்டும். பிளேஸ்டேஷன் 5இல் இது செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ பகுதியில் இருக்கும்.

கோட் போட்டதும் ரிமோட் நீளமாக ஒரு முறை மினுக்கி மறுத்துவிடுகிறது

இது ரிமோட்டுக்குள் நடக்கும் தகராறு, கருவிக்கு இதில் சம்பந்தம் இல்லை. அந்தக் கோட் இந்த ரிமோட்டின் நினைவில் இல்லை என்று அர்த்தம். பழையவற்றில் மூன்று அல்லது நான்கு இலக்கக் கோட், புதியவற்றில் ஐந்து இலக்கம். இணையத்தில் கிடைக்கும் ஐந்து இலக்கப் பட்டியலை நான்கு இலக்க ரிமோட்டில் போட்டால் இப்படித்தான் ஆகும். ஐந்து இலக்கக் கோடின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு மற்ற நான்கைப் போட்டுப் பார்ப்பது பலிக்கும் குறுக்குவழி. பல கோடுகள் பழைய எண்ணுக்கு முன்னால் 0 அல்லது 1 சேர்த்து உருவானவையே.

இன்னொரு காரணம் கருவி வகை. டிவி பட்டனுக்குக் கீழ் சவுண்ட்பார் கோட் ஏறாது. அது ஆடியோ பட்டனில் போக வேண்டும். ஆடியோ இடம் ரிசீவருக்குப் போய்விட்டது, சவுண்ட்பாருக்கு வேறு இடம் வேண்டும் என்றால் 9-9-2 கைகொடுக்கும். செட் பட்டனை இரண்டு மினுக்கு வரும்வரை அழுத்திப் பிடித்து, 9-9-2, பிறகு ஆடியோ, பிறகு விசிஆர். இப்போது விசிஆர் பட்டன் இன்னொரு ஆடியோ பட்டனாகிவிடும். விசிஆர் பட்டனை வேறு எதற்கு வைத்திருக்கப் போகிறோம்!

கோட் ஏறிவிட்டது, கருவி அசையவில்லை

சரி, தேடுதலுக்குப் போக வேண்டியதுதான். கருவியை ஆன் செய்து வையுங்கள்.

1. கருவிப் பட்டனை (டிவி, ஆடியோ, விசிஆர் போன்றது) ஒரு முறை அழுத்துங்கள்.
2. செட் பட்டனை இரண்டு மினுக்கு வரும்வரை அழுத்திப் பிடியுங்கள்.
3. 9-9-1 அழுத்துங்கள். மீண்டும் இரண்டு மினுக்கு வரும்.
4. ரிமோட்டைக் கருவியை நோக்கிப் பிடித்து பவரைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். சில மாடல்களில் பவரையும் கருவிப் பட்டனையும் மாறி மாறி அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு கோட் நகரும்.
5. கருவி அணைந்த கணம் நிறுத்தி, செட்டை ஒரு முறை தட்டினால் கோட் பதிந்துவிடும்.

நாலாவது படியில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பவர் சிக்னல் வந்த பிறகு அணைய ஒன்றிரண்டு நொடி எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. வேகமாக அழுத்தினால் சரியான கோடைத் தாண்டி நாலைந்து போயிருப்பீர்கள், தப்பான கோட் பதிந்துவிடும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். பவர் பட்டனுக்குப் பணியாத கருவி என்றால், டிஸ்க் ஓடவிட்டு நிறுத்தி, பவருக்குப் பதில் ப்ளே பட்டனில் தேடலாம்.

முழுப் பட்டியலும் முடிந்தும் ஏவி ரிசீவர் அசையவில்லை, ஆனால் அதன் சொந்த ரிமோட்டுக்கு மட்டும் கேட்கிறது என்றால் ரிமோட் ஐடியைப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டு ரிசீவர் இருந்தால் குழம்பக் கூடாது என்று சில கம்பெனிகள் இரண்டு வகை சிக்னல் வைத்திருக்கின்றன. யமஹா ரிசீவர்களில் ஐடி1, ஐடி2. யாராவது அதை ஐடி2க்கு மாற்றியிருந்தால் கோட் புத்தகம் முழுக்கப் போட்டாலும் அசையாது. ரிசீவரை அணைத்து, முன்பக்கத்தில் ஸ்ட்ரெய்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெயின் ஜோன் பவரை அழுத்தினால் அட்வான்ஸ்டு செட்டப் மெனு வரும். அதில் ரிமோட் ஐடியை ஐடி1க்குக் கொண்டுவாருங்கள். ரிசீவரின் சொந்த ரிமோட்டும் அதற்கு ஏற்றபடி மாற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எதுவும் பலிக்கவில்லை, ரிமோட்டையும் விட மனசில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. யுனிவர்சல் எலக்ட்ரானிக்ஸ் செய்த பல ரிமோட்டுகளின் பேட்டரி அறைக்குள் ஆறு பின் அல்லது ஆறு துளை இருக்கும். ஜேபி1 என்று இதற்குப் பெயர். தனிக் கேபிளால் கணினியோடு இணைத்து, ரிமோட்மாஸ்டர் என்ற இலவச மென்பொருளால் புதுக் கோடுகளையே ஏற்றலாம். பொறுமை வேண்டும், ஆனால் இதைவிட முழுமையான தீர்வு பழைய ரிமோட்டுக்கு இல்லை.

பவர், வால்யூம் சரி. மெனு, ஹோம், இன்புட் வேலை செய்யவில்லை

கோட் பாதி பொருந்தியிருக்கிறது. 9-9-1ஐத் திரும்பத் தொடங்கி, அதே பிராண்டின் அடுத்த கோடுக்குப் போங்கள். பவருக்கு முதலில் பணிந்த கோடோடு திருப்திப்பட்டு நிற்பதுதான் இந்தக் கோளாறின் காரணம். பழைய ரிமோட் செய்யப்பட்டபோது இல்லாத பட்டன்கள், அதாவது ஹோம், ஆப் பட்டன் போன்றவை, எந்தக் கோடிலும் வராது. அவற்றைக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். உங்கள் ரிமோட்டில் கற்கும் வசதி இருந்தால் செட், 9-7-5, கருவிப் பட்டன், பிறகு எந்தப் பட்டனில் பதிய வேண்டுமோ அது. அப்புறம் ஒரிஜினல் ரிமோட்டை முனைக்கு முனை நேராக வைத்து அதன் பட்டனை அழுத்துங்கள்.

டிவியின் ஒரிஜினல் ரிமோட் புளூடூத் என்றால் கற்றுக்கொடுக்க எதுவும் வெளியே வராது. இங்கேதான் ஐஆர் எல்இடி உள்ள ஃபோன் உதவும். அதில் ரிமோட் ஆப் ஒன்றைத் திறந்து, அந்த டிவியைத் தேர்ந்தெடுத்து, ஃபோனின் மேல்முனையைப் பழைய ரிமோட்டுக்கு நேராக வைத்துக் கற்றுக்கொடுங்கள். அதே பிராண்டின் பழைய ஐஆர் ரிமோட் யாரிடமாவது இருந்தாலும் போதும். எவ்வளவு நேரம் கோட் தேடலில் வீணாகிறதோ, அதைவிடக் குறைந்த நேரத்தில் இது முடியும். என்னைக் கேட்டால், கற்கும் வசதி உள்ள ரிமோட் வைத்திருப்பவர்கள் கோட் புத்தகத்தைத் திறக்கவே வேண்டியதில்லை.

கற்றுக்கொடுத்தேன், ஏறவில்லை, அல்லது ஏறிய பட்டன் கோமாளித்தனம் செய்கிறது

ஏறவே இல்லை என்றால் தூரம், வெளிச்சம், பேட்டரி, இந்த மூன்றும்தான். முனைகளுக்கு இடையே இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒட்டிவைத்தாலும் சிக்னல் அளவுக்கு மீறிச் சிதையும். ஜன்னல் வெயில் விழும் மேஜையில் செய்யாதீர்கள். இரண்டு ரிமோட்டிலும் புது பேட்டரி. பேங் அண்ட் ஓலுஃப்சன் கருவிகள் மட்டும் தனிக் கதை. மற்றவர்கள் 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் சிக்னலைத் துடிக்கவிடும்போது அவர்கள் 455 கிலோஹெர்ட்ஸுக்குப் போயிருக்கிறார்கள். சாதாரண ரிமோட்டால் அதைப் பிடிக்க முடியாது.

ஏறியது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் அழுத்திய விதம் காரணமாக இருக்கலாம். என்இசி என்ற சிக்னல் முறையில் பட்டனை அழுத்தியே வைத்திருந்தால் முழுக் கட்டளை ஒரே ஒரு முறைதான் போகும்; அதன்பின் ‘அதே மாதிரி’ என்று சொல்லும் குட்டி சிக்னல் மட்டும் 108 மில்லிநொடிக்கு ஒரு முறை போகும். தாமதமாகப் பிடித்த ரிமோட் அந்தக் குட்டி சிக்னலையே கட்டளை என்று பதிந்துகொள்ளும். ரிமோட் தயாரானதும் அழுத்துங்கள், முன்பே அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். சோனி கருவிகள் இதற்கு மாறானவை: ஒரே கட்டளையை இரண்டு மூன்று முறை கேட்டால்தான் நம்பும். அவற்றுக்குக் கற்றுக்கொடுத்த பட்டனைச் சும்மா தட்டாமல் கொஞ்சம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது, முதல் முறை வேலை செய்து இரண்டாம் முறை செய்யாத பட்டன். பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5, ஆர்சி-6 முறைகளில் ஒவ்வொரு புது அழுத்தத்துக்கும் ஒரு பிட் 0க்கும் 1க்கும் இடையே மாறும். ‘பட்டனை அழுத்தியே வைத்திருக்கிறார்களா, விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார்களா’ என்று கருவி அதை வைத்துத்தான் அறிகிறது. கற்றுக்கொண்ட ரிமோட்டோ அந்தப் பிட்டை உறைந்த நிலையில் பதிந்துவைத்திருக்கிறது. எத்தனை முறை அழுத்தினாலும் கருவிக்கு அது ஒரே நீண்ட அழுத்தம். சேனல் 12 வருகிறது, 11 வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். இடையில் வேறொரு பட்டனைத் தட்டினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு, கற்றுக்கொடுத்ததை அழித்துவிட்டு, ரிமோட்டுக்குள் ஏற்கனவே இருக்கும், பிலிப்ஸுக்கு உரிய உள்கோடையே போடுவது. உள்கோடுகள் அந்தப் பிட்டை முறையாக மாற்றித் தரும்.

வால்யூம் பட்டன் டிவிக்குப் போகிறது, ரிசீவருக்கு வேண்டும்

செட், 9-9-3, ஆடியோ. இனி டிவி நிலையில் இருந்தாலும் வால்யூமும் மியூட்டும் ஆடியோ கருவிக்கே போகும்.

ஆனால் சவுண்ட்பாருக்குக் கோடே கிடைக்காவிட்டால் இதைச் செய்யாமல் டிவி வால்யூமையே நம்புங்கள். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஆர்க் இணைப்பு 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இலிருந்து இருக்கிறது. டிவியில் ஆர்க் அல்லது இஆர்க் என்று எழுதிய துளையில் சவுண்ட்பாரைச் செருகி, சிஇசியை ஆன் செய்து, ஒலி வெளியீட்டை அதற்கு மாற்றினால், டிவிக்கு வரும் வால்யூம் கட்டளை சவுண்ட்பாருக்குப் போய்ச் சேரும். வேறு துளையில் செருகிவிட்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆப்டிகல் கேபிளில் இந்தக் கட்டளை போகாது.

ஒரு தட்டுக்கு வால்யூம் இரண்டு படி ஏறுகிறது என்றால், கட்டளை இரண்டு வழியில் போகிறது: ஐஆரில் நேராக ஒன்று, டிவி வழியாகக் கேபிளில் ஒன்று. ஏதாவது ஒன்றை மூடுங்கள். சில சவுண்ட்பார்கள் டிவி ரிமோட்டின் வால்யூம் சிக்னலைத் தாமே கற்றுவைத்திருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே பட்டன் எல்லாவற்றையும் ஆன் செய்கிறது, ரிசீவரை மட்டும் அணைத்துவிடுகிறது

மேக்ரோ, அதாவது ஒரே பட்டனில் பல கட்டளைகளை வரிசையாகப் போட்டவர்களுக்கு இது தப்பாது. பழைய ரிமோட்டில் டிவி பவர், ரிசீவர் பவர், இன்புட் என்று 9-9-5 வழியாக வரிசையாகப் பதிந்திருப்பீர்கள். பழைய கருவிகளோடு அது ஒழுங்காக ஓடியது. புதுக் கருவிகளில் டிவி ஆன் ஆனதும் சிஇசி தானே ரிசீவரை எழுப்பிவிடுகிறது. அடுத்து வரும் ரிசீவர் பவர் சிக்னல் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே சிக்னல் என்பதால், எழுந்ததை மறுபடி படுக்கவைத்துவிடுகிறது. மேக்ரோவிலிருந்து ரிசீவர் பவரை நீக்குங்கள், வேலை முடிந்தது. சிஇசி வேண்டாம் என்பவர்கள் ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என்று தனித்தனிச் சிக்னலைத் தேட வேண்டும். ஒரிஜினல் ரிமோட்டில் அப்படிப் பட்டன் இல்லாவிட்டாலும் பல டிவிகளும் ரிசீவர்களும் அதைப் புரிந்துகொள்ளும். ஃபோனின் ரிமோட் ஆப்களில் அவை சில சமயம் கிடைக்கும்.

இன்புட் மட்டும் மாறவில்லை என்றால் டிவி இன்னும் முழுதாக விழித்தெழவில்லை. ஸ்மார்ட் டிவி கட்டளை கேட்கத் தயாராகச் சில நொடிகள் ஆகும், பழைய ரிமோட்டோ மூச்சு விடாமல் அனுப்பிவிடும். இன்புட் கட்டளையை இரண்டாவது மேக்ரோவாகப் பிரித்து வேறு பட்டனில் வைப்பது எளிது.

பவரை அழுத்தினால் வேறொரு கருவியும் சேர்ந்து அணைகிறது

இரண்டு கருவிகளும் சிக்னலில் ஒரே முகவரியை, அதாவது கட்டளை எந்தக் கருவிக்கு என்று சொல்லும் எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஒன்றுக்கு மாற்றுக் கோட் அல்லது மாற்று ஐடி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் ஒன்றின் சென்சார் மேல் கருப்பு டேப் ஒட்டி, அதை சிஇசி வழியாக மட்டும் இயக்குவதுதான் வழி.

சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்கவில்லை

புது டிவிகளில் சென்சார் கீழ் விளிம்பில் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால்தான் சவுண்ட்பாரை வைக்கிறோம். ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினால் கேட்கிறது என்றால் காரணம் அதுவே. சவுண்ட்பாரைத் தாழ்த்துங்கள் அல்லது டிவியை உயர்த்துங்கள். பின்பக்கம் ஐஆர் ரிப்பீட்டர் (வந்த சிக்னலை மறுபடி அனுப்புவது) உள்ள சவுண்ட்பார் என்றால் மெனுவில் அதை ஆன் செய்யுங்கள். கருவிகள் மூடிய அலமாரிக்குள் இருந்தால் சென்சார் மேல் ஒட்டும் குட்டி எல்இடிகளுடன் தனி ரிப்பீட்டர் கிட் கிடைக்கும். பகலில் மட்டும் தகராறு என்றால் வெயில், இரவில் மட்டும் என்றால் சிஎஃப்எல் விளக்கைச் சந்தேகப்படுங்கள்.

பேட்டரி மாற்றியதும் எல்லாம் மறந்துவிட்டது

நிரந்தர நினைவு இல்லாத பழைய மாடல் அது. புது செல்களைப் பிரித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிடுங்கள். செல் இல்லாத நேரத்தில் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள், உள்ளே தேங்கியிருக்கும் கொஞ்ச மின்சாரமும் வடிந்துவிடும்.

தேடிக் கண்டுபிடித்த கோட் எது என்று ரிமோட்டையே கேட்கலாம். கருவிப் பட்டன், செட், 9-9-0. பிறகு 1ஐ அழுத்தினால் முதல் இலக்கம், 2ஐ அழுத்தினால் இரண்டாவது இலக்கம் என்று அத்தனை முறை மினுக்கும். மினுக்கவே இல்லை என்றால் 0. அதைக் காகிதத் துண்டில் எழுதி பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். கற்றுக்கொடுத்த பட்டன்களுக்கு இப்படி எண் கிடையாது, அவை போனால் மறுபடி உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டியதுதான்.